கண்ணாடி வீட்டில் முளைத்த பால்மரம்



லயத்து வாசலில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பால்மரங்கள் நிரை நிரையாக நின்ற காலம் ஒன்று இருந்தது. இன்றும் சில தோட்டங்களில் அந்தக் காட்சியைக் காணலாம். இந்த மரம் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டால், “இந்த நாட்டுக் காட்டிலேயே முளைத்திருக்கும் சார்” என்று பிள்ளைகள் விடை சொல்வதுண்டு. நம் பாட்டன் பாட்டிக்கு முன்பே இருந்த மரமாயிற்றே, அதனால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் உண்மை அதுவன்று. பால்மரம் இந்த நாட்டு மண்ணை முதன்முதலில் தொட்டது 1877ஆம் ஆண்டில்தான். அதன் தாய்வீடு தென் அமெரிக்காவில், அமேசான் ஆறு பாயும் பெருங்காடு. அங்கிருந்து அது நேராக இங்கு வந்துவிடவில்லை. நடுவழியில், இலண்டன் மாநகருக்கு அருகில், ஒரு கண்ணாடி வீட்டில் முளைத்து, இலை விட்டு, அதன் பிறகே கிழக்கு நோக்கிப் புறப்பட்டது.

அந்தக் கண்ணாடி வீடு இருந்த தோட்டத்தின் வரலாற்றைத்தான் இன்றைய பேச்சில் காணப் போகிறோம். அதன் பெயர் கியூ தாவரவியல் பூங்கா.

பள்ளி விடுமுறையில் ஆசிரியர் சிலராகச் சேர்ந்து நாங்கள் இலண்டனுக்குச் சென்றிருந்தோம். கோட்டைகளையும் அரண்மனைகளையும் பார்த்து முடித்த பிறகு, ஒரு நாளைக் கியூ பூங்காவுக்கென்றே ஒதுக்கி வைத்தோம். நகரின் மேற்குப் பக்கம், தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது அது. இரயிலை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் வாசல் வந்துவிடும். 1759ஆம் ஆண்டில் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஆகஸ்டா என்ற இளவரசியார் தொடங்கிய சிறு தோட்டம் அது. 1840இல் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தது. 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

நாங்கள் சென்ற நாளில் நல்ல குளிர். வெளியே மரங்கள் இலை உதிர்ந்து குச்சி குச்சியாக நின்றன. அந்த மரங்களுக்கு நடுவே, கவிழ்த்து வைத்த பெரிய கப்பலைப் போல ஒரு கண்ணாடிக் கட்டடம் தெரிந்தது. அதற்குப் ‘பாம் ஹவுஸ்’ என்று பெயர். தமிழில் பனை இல்லம் எனலாம். கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தோம். அவ்வளவுதான், எல்லாருடைய மூக்குக் கண்ணாடியிலும் ஆவி படிந்துவிட்டது. கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். ஈர மண்ணின் வாசம் மூக்கில் ஏறியது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் நம் தோட்டத்துக் காட்டுக்குள் நுழைந்தால் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது. வாழை நின்றது. கொக்கோ நின்றது. காப்பிச் செடி நின்றது. பால்மரமும் நின்றது. வீட்டுப் புழக்கடையில் நாம் தினமும் பார்க்கும் செடிகளை அந்த ஊர் மக்கள் அதிசயமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

வெளியே உறைபனி, உள்ளே வெப்பம். இது எப்படி முடிகிறது?

சூரிய ஒளி கண்ணாடியை ஊடுருவி உள்ளே செல்கிறது. உள்ளே இருக்கும் மண்ணும் இலையும் அந்த ஒளியை வாங்கிச் சூடேறுகின்றன. சூடான காற்று வெளியே தப்பிப் போகக் கண்ணாடி விடுவதில்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறும்போது முகத்தில் அடிக்கும் வெப்பத்தை நாம் அறிவோம், அதே தத்துவந்தான். ஆனால் குளிர்நாட்டில் சூரியனை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஆகவே, பனை இல்லத்தைக் கட்டியபோதே அதன் தரைக்கு அடியில் கொதிகலன்களை வைத்தார்கள். நிலக்கரியை எரித்து நீரைச் சூடாக்கி, அந்தச் சுடுநீரைக் குழாய்களின் வழியே ஓடவிட்டார்கள். புகை கண்ணாடியில் படிந்துவிடக் கூடாதல்லவா? அதற்காக நிலத்தடியில் ஒரு சுரங்கம் வெட்டி, புகையைத் தூரத்தில் உள்ள ஒரு கோபுரத்தின் வழியாக வெளியேற்றினார்கள். மேலே ஈச்சமும் தென்னையும் பசுமையாக நிற்க, கீழே கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த கூலியாட்கள் எத்தனை பேரோ!

பனை இல்லம் 1844இல் தொடங்கி 1848இல் கட்டி முடிக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் டெசிமஸ் பர்ட்டன் என்ற கட்டடக் கலைஞர். இரும்பு வேலையைச் செய்து கொடுத்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டர்னர். கட்டடத்தின் நீளம் 363 அடி. நடுக்கூடத்தின் உயரம் 66 அடி. கப்பல் கட்டப் பயன்படும் இரும்பு விட்டங்களைப் போன்றவற்றை வளைத்து நிறுத்தி, இடையிடையே அதிகத் தூண்கள் இல்லாமல் அத்தனை பெரிய கூடத்தை எழுப்பினார்கள். இங்கிலாந்தில் அதற்கு முன் கண்ணாடிக்குத் தனி வரி இருந்தது. அந்த வரியை 1845இல் நீக்கினார்கள். கண்ணாடி மலிவாயிற்று. இரும்பும் நீராவியும் பெருகிய காலம் அது. இவை மூன்றும் ஒன்று சேர்ந்ததால்தான் இத்தகைய பெரும் கண்ணாடி வீடுகள் தோன்ற முடிந்தது.

கியூவில் கண்ணாடி வீடு ஒன்றல்ல, பல. மிதவெப்ப நாட்டுச் செடிகளுக்கென்று ஒரு மாபெரும் இல்லம் இருக்கிறது. 1860ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டத் தொடங்கி, 1899இல்தான் அதனை முழுதாக முடித்தார்கள். நீண்ட காலப் பழுதுபார்ப்புக்குப் பின் 2018இல் மீண்டும் திறந்தார்கள். அமேசான் ஆற்றின் பெரிய அல்லிக்கென்று 1852இல் கட்டிய சிறு இல்லமும் உண்டு. அந்த அல்லியின் இலை சோறு உலர்த்தும் பெரிய தட்டைப் போல விளிம்பு உயர்ந்து நீர்மேல் மிதக்கும்.

இவ்வளவு பணம் கொட்டி ஏன் கட்டினார்கள்? அழகு பார்ப்பதற்கு மட்டுமா? இல்லை, நேயர்களே. கியூ பூங்காவை அன்றைய ஆங்கிலப் பேரரசின் பயிர்ச்சாலை என்று சொல்லலாம். ஒரு கண்டத்தில் விளையும் பயனுள்ள செடியைக் கொண்டுவந்து, வளர்த்துப் பார்த்து, மற்றொரு கண்டத்திலுள்ள தங்கள் ஆட்சிப் பகுதிக்கு அனுப்புவது அதன் முக்கிய வேலையாக இருந்தது. 1841இல் பூங்காவின் இயக்குநரான வில்லியம் ஹூக்கரும், 1865 முதல் 1885 வரை அப்பொறுப்பில் இருந்த அவருடைய மகன் ஜோசப் ஹூக்கரும் இந்த வேலையைப் பெரிதாக வளர்த்தார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினா, சிங்கோனா என்ற மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. தென் அமெரிக்க மலைகளில் வளர்ந்த அந்த மரத்தை 1860களில் கொண்டுவந்து தமிழ்நாட்டின் நீலகிரி மலையில் பயிரிட்டார்கள். அந்த முயற்சியிலும் கியூவுக்குப் பங்கு உண்டு. பின்னாளில் மலாயாத் தோட்டங்களில் காய்ச்சல் வந்து நடுங்கிக் கிடந்த நம் முன்னோர் முகம் சுளித்து விழுங்கிய கசப்பு மருந்து அந்தப் பட்டையின் சாறுதான்.

செடியைக் கண்ணாடி வீட்டில் வளர்க்கலாம், சரி. கடல் கடந்து அனுப்புவது எப்படி? அந்நாளில் பாய்மரக் கப்பலின் மேல்தளத்தில் தொட்டிகளை வைத்து அனுப்பினால், உப்புக் காற்றும் வெயிலும் பட்டுப் பெரும்பாலான செடிகள் கருகிவிடும். குடிநீரே அளந்து கொடுக்கும் கப்பலில் செடிக்கு யார் நீர் ஊற்றுவார்கள்?

இதற்கு வழி கண்டவர் இலண்டனில் வாழ்ந்த நத்தேனியல் வார்டு என்ற மருத்துவர். 1829இல் அவர் ஒரு விட்டில் பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடி வைத்தார். பூச்சி வெளிவருவதைக் காண வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சில நாளில் அந்த மண்ணிலிருந்து ஒரு சிறு பெரணியும் புல்லும் முளைத்தன. புகை மண்டிய நகரில் வெளியே வைத்தால் பட்டுப்போகும் பெரணி, மூடிய போத்தலுக்குள் செழித்து வளர்ந்தது. காரணம் என்ன? பகலில் மண்ணிலும் இலையிலும் இருந்து நீர் ஆவியாகிறது. அந்த ஆவி கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து துளியாகி மீண்டும் மண்ணுக்கே இறங்குகிறது. வெளியிலிருந்து நீர் ஊற்ற வேண்டிய தேவை இல்லை.

இதையே பெரிதாக்கி, மரச்சட்டத்தில் கண்ணாடி பதித்த மூடிய பெட்டிகளைச் செய்தார் வார்டு. 1833இல் இரண்டு பெட்டிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் அனுப்பினார். பல மாதப் பயணத்துக்குப் பிறகும் செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அன்று முதல் வார்டு பெட்டி உலகக் கடல்களெல்லாம் சுற்றியது. கண்ணாடி வீடு ஓரிடத்தில் நிற்பது. வார்டு பெட்டி கப்பலேறிச் செல்லும் சிறு கண்ணாடி வீடு.

மாணவர்களே, நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். அகன்ற வாயுள்ள பழைய ஹார்லிக்ஸ் போத்தல் ஒன்று இருந்தால் போதும். அடியில் சிறு கற்களைப் பரப்புங்கள். மேலே நான்கு விரற்கடை அளவு ஈர மண் போடுங்கள். செம்பனை மரத்தின் உடம்பில் ஒட்டி வளர்கிறதே பெரணி, அதில் சிறியதாக ஒன்றை வேரோடு எடுத்து நடுங்கள். இறுக மூடி, வெளிச்சம் உள்ள, நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். மறுநாள் காலையில் போத்தலின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் நிற்பதைக் காண்பீர்கள்.

இனி நம் மரத்தின் கதைக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரப்பரின் தேவை பெருகியது. நீராவி இயந்திரங்களுக்கும், மழைச் சட்டைக்கும், தந்திக் கம்பிகளுக்கும் அது வேண்டியிருந்தது. நல்ல இரப்பர் அமேசான் காட்டிலிருந்துதான் வந்தது. அந்த மரத்தைத் தங்கள் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் வளர்க்க வேண்டும் என்று ஆங்கில அரசு விரும்பியது. ஆனால் பால்மரத்து விதையில் எண்ணெய்ப் பசை மிகுதி. அது விரைவில் கெட்டுப்போகும். காலம் தாழ்த்தி நட்டால் முளைக்காது. முதலில் வந்த விதைகளில் முளைத்தவை மிகச் சில. அவற்றில் கல்கத்தாவுக்குச் சென்ற கன்றுகளும் பிழைக்கவில்லை.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டில் தபஜோஸ் ஆற்றுப் பகுதியில் ஏறத்தாழ 70,000 விதைகளைத் திரட்டினார். திரட்டினார் என்று அவர் ஒருவரைச் சொல்கிறோம். உண்மையில் காட்டுக்குள் நடந்து விதை பொறுக்கியவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள். விதைகளை வைக்கக் கூடை முடைந்து கொடுத்தவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். உலர்ந்த வாழை இலைகளை இடையிட்டு அடுக்கி, காற்றோட்டமாக வைத்து, அமேசானாஸ் என்ற நீராவிக் கப்பலில் ஏற்றினார்கள். ஜூன் மாத நடுவில் விதைகள் கியூவை அடைந்தன.

அங்கே தோட்டக்காரர்கள் வெப்பமூட்டிய கண்ணாடி வீடுகளில் வேறு செடிகளை அப்புறப்படுத்தி இடம் செய்து, விதைகளை நெருக்க நெருக்கமாக விதைத்தார்கள். சில நாள்களிலேயே முளை கண்டது. மொத்தம் 2,700 கன்றுகள் போல எழுந்தன. அதாவது, 100 விதைக்கு 4 கூட முழுதாக இல்லை. அந்த நாலுக்கும் குறைந்த பங்கிலிருந்துதான் கிழக்காசியாவின் இரப்பர்த் தொழில் பெரும்பாலும் கிளைத்தது என்றால் வியப்பாக இல்லையா?

ஆகஸ்டு மாதத்தில் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகளை 38 வார்டு பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். அவற்றுள் பெரும்பாலானவை உயிரோடு சேர்ந்தன. அதே ஆண்டில் சிங்கப்பூருக்கு அனுப்பிய சில கன்றுகள் வழியிலும் துறையிலும் தாமதப்பட்டு மடிந்தன. மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகள் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில், ஹியூ லோ என்ற ஆங்கில ரெசிடென்டின் வீட்டுத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் ஒன்றென்று போற்றப்படும் முதுமரம் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. அந்தப் பக்கம் போகும் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம்.

மரம் வந்துவிட்டது. ஆனால் பால் எடுக்கும் முறை வரவில்லை. அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். அப்படிக் கொத்தினால் மரம் புண்ணாகிப் போகும். 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்றவர் ஹென்றி ரிட்லி. அவர் பூங்கா மரங்களில் பல ஆண்டுகள் சோதனை செய்தார். பட்டையில் சாய்வாக ஒரு வெட்டு. அடுத்த முறை புதிய இடத்தில் வெட்டாமல் அதே வெட்டின் விளிம்பை மெல்லிய சீவலாகச் சீவினால் பால் கூடுதலாக வருகிறது, மரமும் சாவதில்லை என்று கண்டார். தோட்ட முதலாளிகளைக் காணும்போதெல்லாம் விதைகளைக் கொடுத்து நடச் சொன்னார். காப்பியில் நல்ல விலை கண்டிருந்த அவர்கள் “பைத்தியக்கார ரிட்லி” என்று சிரித்தார்கள். பிறகு காப்பி விலை வீழ்ந்தது. 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் இரப்பர் பயிரிட்டார். மோட்டார் வண்டி வந்தது; டயருக்கு இரப்பர் வேண்டும். விலை விண்ணைத் தொட்டது. சிரித்தவர்கள் எல்லாம் காட்டை அழித்துப் பால்மரம் நட்டார்கள். 1920ஆம் ஆண்டு வாக்கில் உலகத்து இரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது. ரிட்லி 1956இல், தமது நூறாவது வயதில் காலமானார்.

இன்னுமொரு செய்தி. பால்மரத்தின் தாய்நாடாகிய பிரேசிலில் ஏன் பெருந்தோட்டங்கள் வெற்றி பெறவில்லை? அங்கே இலைகளைக் கருக்கி உதிர்க்கும் ஒரு பூசண நோய் உண்டு. காட்டில் மரங்கள் ஒன்றுக்கொன்று தூரமாக இருப்பதால் நோய் பரவுவது கடினம். நிரையாக நட்டால் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவிவிடும். மோட்டார் வண்டி அதிபர் ஹென்றி ஃபோர்டு 1928 முதல் பிரேசிலில் முயன்ற பெருந்தோட்டம் இந்த நோயால் நொடித்தது. விதையாகக் கடல் கடந்து, கியூவின் கண்ணாடிக்குள் முளைத்துக் கிழக்கே வந்த கன்றுகளோடு அந்த நோய் வரவில்லை. இன்றுவரை ஆசியாவில் அது கால் வைக்காமல் காத்து வருகிறார்கள்.

நேயர்களே, இதுவரை நாம் சொன்ன கதையில் பெயர்கள் பல வந்தன. ஹூக்கர், வார்டு, விக்கம், ரிட்லி, டான் சே யான். இவர்கள் எல்லாம் வரலாற்று நூல்களில் இடம்பெற்றவர்கள். அவர்களுடைய உழைப்பையும் அறிவையும் நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கணக்கு அதோடு முடிந்துவிடுகிறதா? 22 கன்றுகள் பல இலட்சம் ஏக்கராக மாறியது யாருடைய கையால்?

காடு வெட்டியதும், குழி தோண்டியதும், கன்று நட்டதும், நாள்தோறும் பால் வெட்டியதும் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு என்று பல மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நடந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். கியூவிலிருந்து புறப்பட்ட கன்றுக்கு மூடிய கண்ணாடிப் பெட்டி இருந்தது. எத்தனை கன்று ஏறியது, எத்தனை உயிரோடு இறங்கியது என்று எழுதி வைத்தார்கள். நம் மக்களுக்குக் கிடைத்தது கப்பலின் திறந்த தளம். காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் தோட்டங்களில் மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்கும் ஏட்டில் எண் உண்டு. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த முகமும் ஊரும் கதையும் ஏட்டில் இல்லை.

பால்வெட்டைச் சாதாரண வேலை என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் இருக்கின்றன. அவற்றுக்கும் உள்ளே, மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. கத்தி அந்தப் படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, பட்டை முண்டு முண்டாக வளரும். தொடாமல் மேலோடு நின்றுவிட்டால் பால் குறையும். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், அந்த ஒரு மில்லிமீட்டரில் கத்தியை நிறுத்தக் கற்றவள் நம் தாய். அளவுகோல் வைத்தா நிறுத்தினாள்? கையில் இருந்த பழக்கத்தால் நிறுத்தினாள்.

ஏன் விடியுமுன் எழ வேண்டும்? இரவில் மரம் நீரை நிறைய உறிஞ்சி, பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக விட, அழுத்தம் குறையும், பாலும் குறையும். வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்க வேண்டும்? பால் குழாய்கள் சற்றுச் சாய்ந்து மேலேறுவதால், அப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். இவற்றையெல்லாம் விஞ்ஞானிகள் நூலில் விளக்கி எழுதியிருக்கிறார்கள். அந்த விளக்கத்தைப் படிக்காமலே அதன்படி வாழ்நாளெல்லாம் செய்து காட்டியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்.

தாவரவியல் பூங்காவில் ஒவ்வொரு செடியின் அடியிலும் ஒரு சிறு பலகை உண்டு. செடியின் பெயர், குடும்பம், பிறந்த நாடு, இவை அதில் இருக்கும். செடியை அறிவிப்பதுதான் அந்தப் பலகையின் வேலை. அதனை வளர்த்த மனிதர்களை அறிவிப்பது நம்முடைய வேலை. அந்த வேலையைச் செய்ய நமக்கு இன்னும் நெடுங்காலம் இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறோம்? பால்மரக் காடுகள் பல செம்பனைக் காடுகளாகிவிட்டன. செம்பனையும் இதே போலப் பூங்காவின் வழியாக வந்த மரந்தான். 1848இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த பனைகளே பின்னர் நாடெங்கும் பரவின. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராக நடத் தொடங்கினார்கள். பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன. தோட்டத்தின் பெயர் பேருந்து நிறுத்தத்திலோ தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையிலோ மட்டும் மிஞ்சி நிற்கும் இடங்கள் உண்டு.

ஆகவே பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்குங்கள். பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். தாத்தாவின் பெயர், பாட்டியின் பெயர்; எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில் வந்தார்கள்; எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம்; ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டினார்கள், என்ன கூலி வாங்கினார்கள்; எந்த ஆண்டில் அந்த இடத்தை விட்டு வந்தார்கள். தெரிந்ததை மட்டும் எழுதினால் போதும். ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் கண் கலங்கும் பெரியவர்கள் சில வீடுகளில் இருக்கிறார்கள். பழைய அடையாள அட்டை, கூலிச் சீட்டு, மங்கு, பால் வாளி, தேய்ந்துபோன வெட்டுக்கத்தி எது இருந்தாலும் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். பள்ளியில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தால் அதில் வைக்கலாம். அயல்நாட்டார் ஒரு பால்மரக் கன்றுக்காகக் கண்ணாடி வீடு கட்டி வெந்நீர் ஓடவிட்டார்கள். நம் பாட்டியின் வெட்டுக்கத்திக்கு ஒரு சிறு கண்ணாடி அலமாரி செய்ய நம்மால் முடியாதா?

பயணம் போக வசதியுள்ளவர்கள் கியூவுக்குச் சென்று வாருங்கள். அத்தனை தூரம் போக இயலாவிட்டால், 1859இல் தொடங்கி 2015இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குச் செல்லலாம். 1884இல் தொடங்கிய பினாங்குப் பூங்காவும் அருகில்தான். போகும்போது பிள்ளைகளின் கையில் அந்த நோட்டுப்புத்தகத்தையும் கொடுத்து அனுப்புங்கள். பலகையில் இருப்பதை ஒரு பக்கத்தில் எழுதட்டும். எதிர்ப்பக்கத்தில் தாத்தா சொன்னதை எழுதட்டும்.